பித்த ஊசி

நாகலூர்,
4.7.2025

சம்பந்தி அம்மா வேலம்மாள் அவர்களுக்கு, நாகலூர் மளிகைக்கடை செல்லப்பன் எழுதுவது.

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று சாயங்காலம் சேலம் பஸ்ஸில் வந்து இறங்கிய என் மகள் கழுத்தில் துப்பட்டாவை இறுக்கிச் சுற்றியிருந்தாள். கேட்டதற்குக் குளிர் என்றாள். இந்த ஏற்காட்டு மலையிலேயே பிறந்து வளர்ந்து எஸ்டேட் ஆபீசில் ரைட்டர் வேலை பார்க்கிறவளுக்கு ஆனி மாதத்தில் என்ன குளிர்? சாப்பிடும்போது துப்பட்டா நழுவியது. தாடைக்கும் தொண்டைக்கும் நடுவில் புளித்த மாவு பொங்கியது போல வீக்கம். அதன்மேல் கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி வரிசை வரிசையாக ஊசிக்குத்து. ஊதா மையில் கட்டம் போட்டிருக்கிறார்கள், அந்தக் கோடு கூட அழியவில்லை. தட்டைத் தள்ளி வைத்தேன். எழுந்து போய்க் கையைக் கழுவினேன்.

போன மாதம் பல் வலி என்று முகத்தைப் பொத்திக்கொண்டு வந்தாளே, அதுவும் இதுதானாம். முகூர்த்தப் புடவை பார்க்க என்று கூட்டிப் போய், உங்கள் தெருமுனை அழகு நிலையத்தில் படுக்க வைத்துத் தாடைக் கொழுப்பைக் கரைக்க ஊசி போட்டிருக்கிறீர்கள். இது இரண்டாவது தடவையாம்.

தாடைக்குக் கீழே ஒரு பிடி சதை. அது அவள் பிறக்கும்போதே கூட வந்தது. செத்துப்போன அவள் அம்மாவுக்கும் இருந்தது. அதனால் இதுவரை யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. யாரைக் கேட்டு அதில் ஊசி ஏற்றினீர்கள்?

போனில் கேட்கலாமே என்பீர்கள். பந்தல்காரர் விஷயமாக நான் பேசியதைப் பதிவு செய்து உங்கள் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டீர்கள். அதை என் கடைக்குப் பருப்பு வாங்க வந்தவர் எனக்கே போட்டுக் காட்டினார். இனி எழுத்தில்தான். செவ்வாயும் வெள்ளியும் சேலம் லீ பஜாரில் எனக்குச் சரக்கு ஏற்றும் வண்டிக்காரர் ராஜ்குமார் உங்கள் வீட்டுக்கு வருவார். பதிலை அவரிடம் கொடுங்கள்.

செல்லப்பன்


சேலம், செவ்வாய்ப்பேட்டை,
8.7.2025

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, வேலம்மாள் வணக்கமுடன் எழுதுவது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு வெள்ளிப் பட்டறையில் வேலையே ஓடவில்லை. கொலுசுக்கு முத்து வைக்கிற பெண்கள்கூட, "ஏனுங்கக்கா, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டார்கள்.

நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? இன்றைக்குச் சேலத்தில் கல்யாணப் பெண்கள் எத்தனையோ பேர் போட்டுக்கொள்கிறார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரைந்துபோகும் என்கிறார்கள். வீங்கத்தான் செய்யும், பிறகு வற்றிவிடும்.

நிச்சயதார்த்த வீடியோவை நீங்கள் பார்க்கவில்லை. நாங்கள் முப்பது பேர் உட்கார்ந்து பார்த்தோம். "பொண்ணு, தாடையத் தூக்கும்மா, இன்னுங் கொஞ்சம் தூக்கும்மா" என்று வீடியோக்காரர் கத்துவது படம் முழுக்கக் கேட்கிறது. என் நாத்தனார் எல்லார் முன்னாலும், "ஏன் வேலு, உம் மருமகளுக்கு ஒரு முகவாய் வாங்குனா ஒண்ணு இனாமா?" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். புவனா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். அதன் பிறகுதான் கேட்டேன், "உனக்கு வேணுமா கண்ணு?" என்று. "ஆமாங்கத்தை" என்று ஒரே வார்த்தையில் சொன்னாள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றதும் அவள்தான்.

அவள் தனியாகப் பயப்படக் கூடாதென்று இரண்டு தடவையும் நான் பக்கத்துக் கட்டிலிலேயே இருந்தேன்.

இன்னும் ஒரு தடவைதான் பாக்கி. பதினான்காம் தேதி வைத்திருக்கிறேன். பதினேழு ஆடி பிறக்கிறது. கல்யாணப் பெண்ணுக்கு ஆடியில் துணி எடுக்க மாட்டோம், பவுன் வாங்க மாட்டோம், காதுகூடக் குத்த மாட்டோம். ஊசியை மட்டும் எப்படிக் குத்துவது? ஆவணி பன்னிரண்டு முகூர்த்தம். ஆனிக்குள் முடித்துவிட்டால் ஆடி முழுக்க வீக்கம் வற்றி, மேடையில் முகம் எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கும்.

கோபத்தை விடுங்கள். அவளை நான் மருமகளாகப் பார்க்கவில்லை.

வேலம்மாள்


நாகலூர்,
11.7.2025

அம்மா,

மருமகளாகப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மருமகளாகவே பார்த்திருக்கலாம். மருமகள் என்றால் யாரும் படுக்கப் போட்டுக் குத்த மாட்டார்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பொட்டலம் மடிக்க வாங்கிய பழைய பேப்பரைப் படித்துப் படித்துத்தான் எழுதக் கற்றுக்கொண்டேன். அதனால் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. மருந்தின் பெயரை மகளிடம் கேட்டுக்கொண்டு ஏற்காட்டில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஜீவானந்தத்திடம் போனேன். அவர் சொன்னார்: "இது பித்தநீர்ல இருக்கற அமிலமுங்க. சோத்துல இருக்கற கொழுப்பக் கரைக்க வயித்துல சுரக்குதில்லீங்களா, அதையே ஃபேக்டரில செஞ்சு ஊசியில ஏத்தறாங்க. தோல் டாக்டருங்க பார்த்துப் பார்த்துப் போடறதுதான். ஆனா ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் ஒரு மாசமாச்சும் விடணுமுங்க."

பித்தம். கோழி அறுக்கும்போது பித்தப்பை உடைந்துவிட்டால் நாம் என்ன செய்வோம் அம்மா? கறியையே தூக்கி நாய்க்குப் போடுவோம். அதைத்தானே என் மகளின் கழுத்தில் புள்ளி வைத்து ஏற்றியிருக்கிறீர்கள்? ஜீவானந்தம் சொன்னதிலிருந்து என் நாக்கில் ஒரு கசப்பு நிற்கிறது. டீ குடித்தாலும் போகவில்லை. அவள் தாடையின் உள்ளே சதை பாகு மாதிரி உருகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால், எதிரில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. கடைக்குள்ளேயே தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்.

ஜீவானந்தம் ஒரு மாதம் இடைவெளி விட வேண்டும் என்கிறார். நீங்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு நாளில் குத்துகிறீர்கள். ஆடி வருகிறதென்று ஊசிக்குத் தெரியுமா? நெல் அறுப்பா இது, மழைக்கு முன்னால் முடித்துவிட?

அந்த அழகு நிலையத்துக்காரி டாக்டரா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். என் மகள் பதினான்காம் தேதி கீழே வர மாட்டாள்.

செல்லப்பன்


சேலம்,
15.7.2025

சம்பந்தி அவர்களுக்கு,

புவனா நேற்று வந்தாள். நான் கூப்பிடவில்லை. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் அவளாகவே வந்து வாசலில் நின்றாள். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன். "தெரிஞ்சா நான் எப்பிடிங்கத்தை வர்றது? பாதியில விட்டா மேடு பள்ளமா நின்னுருமாம். முடிச்சிரலாமுங்க" என்றாள்.

முடிந்தது. இந்த முறை வீக்கம் கொஞ்சம் அதிகம். ஐஸ் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவளைத் திட்டாதீர்கள்.

அழகு நிலையத்துக்காரி டாக்டர் இல்லை. படித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறாள், கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். எத்தனையோ பேருக்குப் போட்டவள்.

எனக்கு உடம்பு சரியில்லை. அதிகம் எழுத முடியவில்லை.

வேலம்மாள்


நாகலூர்,
22.7.2025

அம்மா,

உங்கள் ஆனி முடிந்தது. ஆடி எப்படிப் பிறந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஆடி ஒன்று அன்று வழக்கம்போல் தேங்காய் சுட்டோம். உள்ளே அடைத்த வெல்லமும் எள்ளும் பொட்டுக்கடலையும் வெந்து, உடைத்ததும் கடை முழுக்க வாசம். மகள் ஒரு சில்லு எடுத்து வாயில் வைத்தாள். வெல்லப்பாகு இடது கடைவாயில் ஒழுகித் தாடை வழியாக இறங்கியது. அவளுக்கு அது தெரியவில்லை. எதிரில் நின்ற நான் பார்க்கிறேன், அவளுக்குத் தெரியவில்லை. "தொடச்சுக்கோ" என்றேன். சிரித்தாள். வாயின் வலது பாதி சிரித்தது, இடது பாதி அப்படியே கிடந்தது.

மறுநாளே சேலம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். உங்கள் தெரு வழியாகத்தான் போனோம், இறங்கவில்லை. உதட்டை இழுக்கும் நரம்பில் ஊசி மருந்து பட்டிருக்கிறது என்றார் டாக்டர். சில வாரமோ சில மாதமோ ஆகும், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். எப்போது என்று கேட்டேன். நாள் குறித்துச் சொல்ல முடியாது என்றார். அவராவது பஞ்சாங்கம் பார்க்காத மனிதர்.

தாடைக்கு அடியில் தோல் ஓரிடத்தில் பொட்டளவு கறுத்து, இப்போது உடைந்து நீர் வடிகிறது. தினமும் பஞ்சு வைத்துக் கட்டு மாற்றுகிறேன். அந்தப் பஞ்சில் ஒட்டி வரும் மஞ்சள் நீரும் அதன் வாடையும் இந்தக் காகிதத்தில் வராது. வந்தால் நன்றாக இருக்கும்.

அழகு நிலையம் பூட்டியிருக்கிறதாம், போர்டையும் கழற்றிவிட்டார்களாம். ராஜ்குமார் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. நீங்கள் இங்கே வந்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு, இந்தப் பெண் வேண்டுமா வேண்டாமா என்பதை என் எதிரில் நின்று சொல்ல வேண்டும். அதுவரை என் வீட்டில் ஒருவருக்கும் பத்திரிகை கொடுக்க மாட்டேன்.

செல்லப்பன்


சேலம்,
25.7.2025

சம்பந்தி அவர்களுக்கு,

படித்துவிட்டு அழுதேன். நம்பினால் நம்புங்கள்.

ஆடியில் சம்பந்தி வீட்டு வாசலை நாங்கள் மிதிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வர முடியாத நிலையில் இருக்கிறேன். பட்டறைக்கே போகவில்லை. கஞ்சி குடித்துக்கொண்டு கிடக்கிறேன்.

யோசித்துப் பார்த்தேன். கல்யாணத்தைத் தைக்குத் தள்ளி வைத்தால் என்ன? அதற்குள் வாய் நேராகிவிடும். இப்போதே மேடையில் உட்கார்ந்தால் வீடியோவில் என்றைக்கும் அந்த முகம்தானே இருக்கும்? என் நாத்தனார் வாயை உங்களுக்குத் தெரியாது. தாடை ரெண்டு என்று சொன்னவள், இந்த வாயைப் பார்த்தால் என்னவெல்லாம் சொல்வாள்? இதை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன், சம்பந்தத்தை முறிப்பதற்காக அல்ல.

எல்லாப் பழியையும் என் தலையில் போடுகிறீர்கள். ஒன்று கேட்கிறேன். முதல் தடவை ஊசி போடுமுன் அழகு நிலையத்துக்காரி புவனாவிடம், "ஏம்மா, அப்பிடி ஒண்ணும் பெரிசா இல்லியே, எதுக்குப் போடறே?" என்று கேட்டாள். புவனா சொன்னாள்: "எங்கப்பா என்னைய தவக்கான்னுதாங்க கூப்புடுவாரு. சின்ன வயசுலருந்து அதேதான். இப்ப எஸ்டேட் ஆளுங்களே கடைக்கு வந்து 'தவக்கா அம்மணி இல்லீங்களா'ன்னு கேக்கறாங்க."

நீங்கள் எழுதிய கடிதங்களில் ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை.

வேலம்மாள்


நாகலூர்,
29.7.2025

அம்மா,

ஆமாம், தவக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். பிறந்த அன்று துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். கழுத்தே இல்லாமல் தவளைக் குஞ்சு மாதிரி இருந்தாள். அப்போது வாயில் வந்த பெயர். பெற்றவன் கூப்பிடுகிற பெயரும் பித்த ஊசியும் ஒன்றா? என் பெயரால் அவளுக்கு வாய் ஒழுகவில்லை. இதில் நான் வருத்தப்படுவேன் என்று எதிர்பார்த்து எழுதியிருந்தால், காகிதம்தான் வீண்.

தைக்குத் தள்ள முடியாது. கல்யாணம் உங்கள் வீடியோவுக்காக அல்ல. ஆவணி பன்னிரண்டில் கோணல் வாயோடு உட்காருவாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தை என்று சொல்லாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் மாதேஷ் பைக்கில் வந்தார். மழையில் நனைந்திருந்தார். நான் உள்ளே கூப்பிடவில்லை. சீரக மிட்டாய் வாங்கிக்கொண்டு வாழைத்தார் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றார். வருகிறவர்களுக்கெல்லாம் வழி விட்டு வழி விட்டு நின்றார். கடைசியில், "மாமா, எனக்குத் தேதி மாத்த வேண்டாமுங்க. நாஞ்சொன்னா அம்மா கதவச் சாத்திக்கறாங்க, மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்கறாங்க" என்றார். "உங்கம்மாவை வரச் சொல்லு சாமி" என்று சொல்லி அனுப்பினேன். என் மகள் மாடி ஜன்னலில் நின்று பார்த்தாள், இறங்கி வரவில்லை. முழங்கை தெரிய வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இப்போது அவள் எல்லா நேரமும் அப்படித்தான் நிற்கிறாள்.

அவருடைய முகத்தில் அருவருப்பு இல்லை. உங்கள் முகத்தில் இருக்கிறதா என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

செல்லப்பன்


நாகலூர்,
5.8.2025

அம்மா,

வெள்ளிக்கிழமை பதில் வாங்க வந்திருந்த ராஜ்குமார் உங்கள் வீட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார். உங்கள் வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறதாம். அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

அம்மை என்று எனக்குத் தெரியாது. உடம்பு சரியில்லை, கஞ்சி குடிக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் சாக்கு என்று நினைத்தேன்.

அம்மன் இருக்கிற வீட்டுக்கு நான் கடுஞ்சொல் எழுத மாட்டேன். நமக்குள் உள்ள பிணக்கு அப்படியே இருக்கிறது, ஒன்றையும் விட்டுவிடவில்லை. உங்களுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு மீதியை எழுதுவேன்.

ஒரு கூடை பேரிக்காய் அனுப்பியிருக்கிறேன். குளிர்ச்சி. நன்றாகக் கனிந்ததாகப் பார்த்து மகள்தான் பொறுக்கினாள். ஆடிப் பதினெட்டு அன்று இங்கே உங்கள் பெயரைச் சொல்லி அவள் அம்மனுக்கு மாவிளக்கு வைத்தாள். இந்த வீட்டில் தாளிப்பதையும் நிறுத்தச் சொல்லிவிட்டாள். அம்மை கண்டது சேலத்தில். நாகலூரில் எனக்கு எதற்குப் பத்தியம்? கேட்டால், "அத்தை ஊடும் நம்ம ஊடுதானேப்பா" என்கிறாள்.

சூட்டில் வெளியே வராதீர்கள். கண்ணில் முத்து போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்லப்பன்


சேலம்,
8.8.2025

அண்ணா,

பேரிக்காயை என்னால் தின்ன முடியவில்லை. பாதிக்கு மேல் கீழே சிந்துகிறது.

எனக்கு அம்மை இல்லை.

பக்கத்துக் கட்டிலில் துணைக்கு இருந்தேன் என்று எழுதினேனே, சும்மா இருக்கவில்லை. நானும் போட்டுக்கொண்டேன். மூன்று தடவையும். மகன் கல்யாண வீடியோவில் மருமகள் பக்கத்தில் நிற்கப் போகிறேன், எனக்கு மட்டும் தாடை தொங்கினால் நாத்தனார் விடுவாளா என்று ஓர் ஆசை. ஐம்பத்தெட்டு வயதில். இப்போது எனக்கும் வாய் கோணிவிட்டது. அவளுக்கு இடது பக்கம் என்று எழுதினீர்கள். எனக்கு வலது. நான் ஊசி போட்டுக்கொண்டது புவனாவுக்குத் தெரியும், வாய் கோணியது தெரியாது.

மூஞ்சியைக் காட்டப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஆடி, வாசல் மிதிக்க மாட்டோம் என்றதெல்லாம் இதற்குத்தான். பட்டறைப் பெண்கள் வந்து தட்ட ஆரம்பித்தார்கள். வேறு வழி தோன்றவில்லை, வேப்பிலையைக் கட்டினேன். அம்மை என்றால் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலுக்கு வெளியே சொம்பில் கூழ் வைத்துவிட்டு, விழுந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கதவிடுக்கில் நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என்னைக் கும்பிடுகிறார்கள், அண்ணா. ஊசி போட்டு இளித்துக்கொண்டு நிற்கிற இந்த வாயை.

கண்ணாடியில் என்னைப் பார்த்தால் எனக்கே குமட்டுகிறது. தை மாதத்துக்குத் தள்ளச் சொன்னது புவனா வாய்க்காக அல்ல, என் வாய்க்காக.

மாதேஷுக்கும் இப்போதுதான் சொன்னேன். நீங்கள் என்ன எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன். அவள் எனக்காக மாவிளக்கு வைத்தாள் என்று எழுதியிருந்தீர்களே, அதைவிடக் கடுஞ்சொல் உங்களிடம் இருக்காது.

வேலம்மாள்


நாகலூர்,
12.8.2025

அம்மா,

தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய அவசியம் இல்லாததால் மீதியை இப்போதே எழுதுகிறேன்.

கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் வெளியே போய்க் காறித் துப்பினேன். ஊசிக்காக அல்ல. நீங்கள் போட்டுக்கொண்டது உங்கள் பைத்தியம், உங்கள் தாடை. அதற்கு நான் யார்? என் மகள் இருபத்தைந்து நாளாக ஜன்னல் ஓரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். உலகத்தில் தனக்கு மட்டும்தான் இப்படி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நிற்கிறாள். அதே வாயை வைத்துக்கொண்டு நீங்கள் வேப்பிலைக்குப் பின்னால் உட்கார்ந்து, அவளுடைய கல்யாணத்தைத் தள்ளி வைக்க எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். சாமிக்கு வைத்த கூழைக் குடித்துக்கொண்டு. பஞ்சில் வருகிற மஞ்சள் நீர் எவ்வளவோ மேல்.

அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அது உங்கள் வேலை.

பதினாறாம் தேதி ஆடி கடைசி. அதற்குள் வர வேண்டும். ஆவணி பிறக்கட்டும் என்று எழுதினால் கல்யாணம் இல்லை. வேப்பிலையை உங்கள் கையால் அவிழ்க்க வேண்டும். தெரு விழித்திருக்கிற நேரத்தில், அந்தப் பெண்கள் பார்க்க அவிழ்க்க வேண்டும். வாடகைக் கார் வேண்டாம். எல்லாரும் வருகிற பஸ்ஸில், முந்தானையால் மூடாமல் வர வேண்டும். என் மகள் ஆஸ்பத்திரிக்கு அப்படித்தான் போய் வந்தாள். துப்பட்டாவை நான் போட விடவில்லை.

வருகிறீர்களா இல்லையா என்று பதில் எழுத வேண்டாம். வந்தால் தெரியும்.

செல்லப்பன்


சேலம்,
19.8.2025

அண்ணா,

வந்தேன், பார்த்தீர்கள். நீங்கள் ஒரு வார்த்தை பேசாததால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

வேப்பிலையை அவிழ்க்கும்போது கூழ் வைத்த அத்தனை பேரும் நின்றார்கள். ஒருத்தி, "கண் தொறந்து பாத்துக்கிட்டே எங்களக் கும்புட வெச்சியே" என்றாள். அவள் இனிமேல் எங்கள் வீட்டுக்கு வர மாட்டாள். பஸ்ஸில் எதிர் சீட்டுக் குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தது. மலையேறும்போது வளைவில் வாந்தி வந்தது, அதைக்கூட நேராக எடுக்க முடியவில்லை. சேலையெல்லாம் பாழ். அந்தக் கோலத்தில்தான் உங்கள் கடை வாசலில் வந்து நின்றேன். நீங்கள் துவரம் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிர்ந்து பார்த்தீர்கள். வாங்க என்று சொல்லவில்லை. தராசை மறுபடி பார்த்தீர்கள்.

புவனாதான் உள்ளிருந்து வந்தாள். வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அத்தை, உங்களுக்கு எப்பங்க?"

"உங்கூடவேதான் கண்ணு. ஒரே நாளு."

என் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க. நான் ஒருத்திதான் இப்பிடி ஆயிட்டேன்னு செத்துச் செத்துக் கெடந்தேனுங்க" என்றாள். என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டீ வந்தது. குடித்தோம். எனக்கு வலப்பக்கம் ஒழுகியது, அவளுக்கு இடப்பக்கம். அவள் என்னைப் பார்க்க, நான் அவளைப் பார்க்க, "சிரிக்காதடி, எனக்கும் வருது" என்றேன். அவ்வளவுதான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டீ பாதி தரையில்.

அந்த டீயோடு நீங்கள் இரண்டு ஸ்பூன் வைத்து அனுப்பியிருந்தீர்கள். அதை உபசாரம் என்று எடுத்துக்கொள்வதா, குத்தல் என்று எடுத்துக்கொள்வதா, எனக்கு இன்னும் தெரியவில்லை.

தேதி மாறவில்லை. ஆவணி பன்னிரண்டு. நாத்தனாரிடம் நானே போய் முகத்தைக் காட்டிவிட்டு வந்தேன். மோர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. மாதேஷ் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னான்: இனிமேல் வந்தால் உள்ளே உட்காரலாமா?

என் பங்குக்கு நான் ஒன்று கேட்கிறேன். மேடையில் என் சொந்தக்காரர்கள் முன்னால் அவளைத் தவக்கா என்று கூப்பிடாதீர்கள்.

வேலம்மாள்


நாகலூர்,
22.8.2025

அம்மா,

மாதேஷ் உள்ளே வந்து உட்காரலாம். செருப்பை வெளியே விட்டுவிட்டு.

ஸ்பூன் டீ சிந்தாமல் இருக்க. சர்க்கரைக்கும் பாலுக்கும் நான் கொடுக்கிற விலை எனக்குத்தான் தெரியும். அதில் ஒரு அர்த்தமும் தேடாதீர்கள்.

நீங்கள் இருவரும் சிரித்ததைக் கல்லாவிலிருந்து பார்த்தேன். ஒன்று இந்தப் பக்கம் இழுக்க, ஒன்று அந்தப் பக்கம் இழுக்க, எச்சிலும் டீயும் வழிய. பார்க்க அருவருப்பாகத்தான் இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். பருப்பை மறுபடி நிறுக்க வேண்டியதாயிற்று.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அழகு நிலையத்துக்காரி மேல் போலீசில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாட்சியாக உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன். கேட்டால் அந்த வாயோடு போய்ச் சொல்லுங்கள். வீடியோக்காரர் மேடையில் தாடையைத் தூக்கச் சொன்னால் எழுந்து போய்விடுவேன், பெண்ணின் அப்பா இல்லாமல் அவர் படம் எடுக்கட்டும். கம்ப்யூட்டரில் வைத்து யார் வாயையும் நேராக்கக் கூடாது. இருந்தபடி இருக்க வேண்டும், நீங்கள் உட்பட. புண் ஆறிவிட்டது, காசளவு தழும்பு நிற்கும் என்கிறார் டாக்டர்.

தவக்கா விஷயமாக நான் உங்களுக்கு எந்த வாக்கும் தர மாட்டேன். எழுபத்தொரு வயது நாக்கு. அதைக் கரைக்க ஊசி கிடையாது.

முந்தாநாள் கடையில் எஸ்டேட் ஆட்கள் நிறைய பேர் நின்றார்கள். மேலிருந்து சில்லறை எடுத்துவரச் சொல்ல அவளைக் கூப்பிட வேண்டியிருந்தது. வாயெடுத்தவன், புவனா என்று கூப்பிட்டேன். அவள் படியில்தான் உட்கார்ந்திருந்தாள், காதில் விழாமல் இல்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துத் திரும்பியே பார்க்கவில்லை.

இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

செல்லப்பன்